மூன்றாவது வாரம்

"அறிவிருக்காடா உனக்கு? கல்யாணத்துக்குச் சேர்த்த காசை எவனாவது கன்னத்துல நடுவானா?"

என் தங்கச்சி மகன் இல்கெர் காதிலேயே வாங்கவில்லை. பின்மண்டையிலிருந்து பிடுங்கிக் கன்னத்தில் நட்டிருந்த முடிகளைக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

"செவ்தாவோட அப்பா பேசின பேச்சு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

தெரியும். எங்கள் பேட்டை உஸ்குதாரில் அத்தனை பேருக்கும் தெரியும். இவன் கட்டிக்க ஆசைப்பட்ட செவ்தாவின் அப்பா நெஜாத்தி தன் மீன்கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால்தான் கத்தினார்.

"என்ன தம்பி, இங்க நாலு அங்க நாலுன்னு முளைச்சிருக்கு? எங்க ஊர்ப் பூனைக்கே இதைவிட அடர்த்தி! தாடி வந்தப்புறம் பொண்ணு கேட்க வா!"

அவர் தாடி மட்டும் நெஞ்சு வரைக்கும் இருக்கும்.

பையன் நேராக கிளினிக்குக்குப் போய்விட்டான். பதினோராம் நாள் கன்னம் நிறையக் குட்டித் தாடியோடு மீன்கடையில் போய் நின்றான்.

"கருஞ்சீரக எண்ணெய் தடவினேன்."

நெஜாத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாராம். "சரி. நோன்பு பிறக்கறதுக்குள்ள, அடுத்த ஞாயித்துக்கிழமை பெரியவங்களைக் கூட்டிட்டு வா."

அங்கேதான் சிக்கல்.

"மூணாவது வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டிடும்னு டாக்டர் சொன்னார் மாமா. வேர் மட்டும் உள்ள இருக்குமாம். திரும்ப முளைக்க நாலு மாசம் ஆகுமாம்."

"ஞாயிறு எத்தனையாவது வாரம்?"

"மூணு."

அந்த வாரம் முழுக்கப் பையன் முகத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முகம் கை கழுவி ஒளு செய்தபோதுகூட விரலால் ஒத்தி ஒத்தித்தான் எடுத்தான். சிரித்தால் உதிரும் என்று சிரிப்பையும் விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூவும் சாக்லேட்டுமாகப் போய் உட்கார்ந்தோம். அப்பா இல்லாத பையன், அதனால் பெண் கேட்க வேண்டியது நான்.

நெஜாத்தி தாடியை நீவிக்கொண்டே ஆரம்பித்தார். "இது எங்க தாத்தா கொடுத்த சொத்து. கருங்கடல் ரத்தம்! எண்ணெயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

செவ்தா காபி கொண்டுவந்தாள். எங்களுக்குச் சர்க்கரை, மாப்பிள்ளைக்கு உப்பு; பெண் கேட்கப் போனால் எங்கள் பக்கத்து வழக்கம் அது. முகம் சுளிக்காமல் குடித்தால்தான் பொண்டாட்டியோடு குப்பை கொட்டுவான் என்று அர்த்தம். அவளும் கஞ்சத்தனமே பண்ணவில்லை, அள்ளிப் போட்டிருந்தாள் போலிருக்கிறது.

இல்கெர் கடைசிச் சொட்டு வரை குடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆனால் வியர்த்துக் கொட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. பழக்க தோஷம், மடியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டான்.

துணி முடி ஒட்டிக் கறுப்பாக வந்தது. இடது கன்னம் பளபளவென்று இருந்தது.

"யா அல்லாஹ்!" என்றாள் என் தங்கச்சி. செவ்தா தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நெஜாத்தி எழுந்தார். "எழுந்திரு. பால்கனிக்கு வா."

போச்சு, சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் மாடி வேறு. நானும் பின்னாலேயே ஓடினேன்.

நெஜாத்தி கதவைச் சாத்தினார்.

"மூணு வாரம் ஆச்சா?"

பையன் தலையை ஆட்டினான்.

"திரும்பு." பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். "நல்ல கைதான், சுத்தமா எடுத்திருக்கான். பயப்படாதே, வேர் உள்ளதான் இருக்கு. எனக்கு அஞ்சாவது மாசம்தான் வந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ கருங்கடல் ரத்தம்?"

"சத்தம் போடாதீங்க சம்பந்தி! ஒன்பது வருஷமாச்சு. முட்டி வலி, பூர்சாவுல வெந்நீர் ஊத்துக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போய்ப் பண்ணிக்கிட்டேன். என் பொண்டாட்டி மெலாஹத்துக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா என் மானம் என்ன ஆகும்?"

இல்கெருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் ஏன் ஊரே கேட்க என்னை அப்படிப் பேசினீங்க?"

நெஜாத்தி தெருவைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்தவன் தாடியைக் காட்டிட்டே இருந்தா நம்ம தாடியை எவனும் உத்துப் பார்க்கமாட்டான்டா."

அட மகா மனுஷா!

உள்ளே போனதும் அவர் குரலே மாறிவிட்டது. "ஒண்ணுமில்லை, எண்ணெய் ஒத்துக்கலை. சில பேருக்குச் சூடு. நாலு மாசத்துல சரியாயிடும். ஆம்பளைக்குத் தாடியா முக்கியம்? குணம்தானே! சம்பந்தி, நீங்க கேட்க வந்ததைக் கேளுங்க."

இறைவன் கட்டளைப்படி, நபி வழிப்படி நான் கேட்டேன். அவரும் கொடுத்தார். செவ்தா அப்போதுதான் மூச்சே விட்டாள்.

கிளம்பும்போது வாசலில் மெலாஹத் அம்மா ஒரு சின்ன மூட்டையை என் கையில் திணித்தாள். பிரித்தேன். பழைய கறுப்புத் தலையணை உறை ஒன்று.

"தம்பிக்கு," என்றாள் மெதுவாக. "வெள்ளை உறையில படுத்தா, காலையில உதிர்ந்து கிடக்கிற முடியைப் பார்த்துப் புள்ளை மனசு விட்டுப்போயிடும். கறுப்புன்னா தெரியாது."

"உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நெஜாத்தி கண்ணாடி முன்னால் தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

"முட்டி வலின்னு பூர்சாவுக்குப் போன மனுஷன் தாடியோட திரும்பி வந்தார். மூணாவது வாரம் இதை நான்தான் தைச்சேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், மனசு உடைஞ்சிடும்."