ஐம்பத்தைந்து கோடி வயசு மணல்

“இன்னா தம்பி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா இம்மாந்தூரம்? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனே.”

லியாகத் அலி மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். தீனா உட்காரவில்லை. அதில் உட்காரத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவனுக்கே தெரியும்.

நிலவியல் துறையில் தீனா ஆராய்ச்சி மாணவன். பாய் அங்கே பதினொரு வருடமாகத் தற்காலிக லேப் உதவியாளர். இவன் வியாசர்பாடி, அவர் ராயபுரம். மற்றவர்கள் முன்னால் அளந்து அளந்து பேசும் தீனா, பாயிடம் மட்டும்தான் தன் பாஷையில் வாய் நிறையப் பேசுவான். அப்பேர்ப்பட்ட பாயைத்தான் போன மாதம் புரொபசரிடம் போட்டுக் கொடுத்திருந்தான்.

“உக்காருபா. அந்த மேட்டர்தானே? நாளைக்கு கமிட்டி கூப்ட்டுகீறாங்கோ. வேலைய பர்மனென்ட் பண்ற ஃபைலையும் நிறுத்தி வெச்சுட்டாங்கோ. இருக்கிற வேலையும் பூடும்னு கிளார்க் சொல்றாரு.”

“தெரியும் பாய்.”

“மெய்யாலுமே இன்னாதான் ஆச்சு? எனக்கு வெளங்குற மாதிரி ஒரு தபா சொல்லேன். தப்பு பண்ணவனுக்கு இன்னா தப்புன்னாவது தெரியணும்ல?”

“நகரி மலைலேர்ந்து கல்லு எடுத்தாந்தோமே, அது ஒரு காலத்துல வெறும் மணலு பாய். அதுல ஜிர்கான்னு ஒண்ணு கீது, தம்மாத்தூண்டு துகளு. ஒவ்வொரு துகளுக்குள்ளயும் அது பொறந்த வயசு கீது. அதே வயசு மணலு கடலுக்கு அந்தாண்ட வேற தேசத்துக் கல்லுலயும் கெடைச்சா, ரெண்டு நெலமும் முன்ன ஒரே கண்டமா ஒட்டிக்கினு இருந்திருக்கலாம்னு சொல்லலாம்.”

“காணாப்போன அண்ணன் தம்பிய மச்சம் பார்த்து சேர்த்து வெக்கிற மாதிரி.”

“அப்டித்தான். நம்ம கல்லோட துகள ஆஸ்திரேலியா லேபுக்கு அனுப்பி வயசு பார்த்தாங்க. எல்லாம் எறநூத்தம்பது கோடி வருசம். ஒம்போது மட்டும் அம்பத்தஞ்சு கோடி. அந்தக் கல்லே அத்தவிட ரொம்பப் பழசு பாய். அதுக்குள்ள இது இருக்கவே முடியாது. வெளிலேர்ந்து கலந்துகீது. இப்ப மீதியையும் நம்ப மாட்டேன்றாங்க. என் மூணு வருச வேலை.”

“சல்லடைல முன்ன சலிச்ச வேற பொடி ஒட்டிக்கினு இருந்திருக்கும்னு புரொபசராண்ட சொன்னே.”

“ஆமா.”

“ஏழு தபா கழுவுவேன்பா, பிரஷ் போட்டு.” பாய் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “வேற எங்கனா கலக்க வழி கீதா தம்பி?”

தீனாவின் பார்வை எதிர்வீட்டுச் சுவருக்குப் போய் அங்கேயே நின்றது.

“இல்ல பாய். வழியில்ல.”

உள்ளேயிருந்து பாயின் மனைவி ஜெரினா பன்னீர் சோடா கொண்டுவந்து நீட்டினாள். “குடிப்பா, வெயில்ல வந்துகீறே.” யார் வீட்டு உலையில் கை வைத்தானோ அவர்களே சோடா உடைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலைத் தரையில் வைத்தான்.

“நானும் யோசிச்சுகினே கீறேன்,” என்றார் பாய். “அந்தக் கல்லப் பொடிச்சு சலிச்ச வாரம்தான் இவளுக்கு ஆப்ரேசன். ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் ஓடிக்கினு இருந்தேன். அந்தப் பேஜார்ல ஒரு தபா கொறைச்சு கழுவிட்டேன் போல. மிஷினு பொய் சொல்லாது. படிச்ச புள்ள, நீயும் பொய் சொல்ல மாட்டே. அப்ப நான்தானே?”

“பாய், அது வந்து...”

“இரு, சொல்லிடறேன். நானே உன் வூட்டுக்கு வரணும்னு இருந்தேன். வெக்கம், வரல. வேலை போனா போவுது. கஸ்டப்பட்டு படிக்கிற புள்ள பட்டத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனேன்னு நெனச்சா சோறு எறங்கல.” பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “என்னை மன்னிச்சுடுப்பா. நாளைக்கு நானே ஒத்துக்கினு கையெழுத்து போட்டுடறேன். நீ கமிட்டிக்கு வரவே வேணாம்.”

தீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிடித்த கையை விடுவித்துக்கொள்ளவும் தைரியமில்லை.

லேப் அடுப்பு ரிப்பேரான அன்றைக்கு, வெளியே போகவே கூடாத கல்பொடியைத் திருட்டுத்தனமாக வீட்டுக்கு எடுத்துப் போய், அம்மா வடாம் காயவைக்கும் கோணிச் சாக்கின் மேல் காயப் பரப்பியவன் அவன்தான். திருவொற்றியூர் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்யும் அவன் அப்பா கொண்டுவந்த சாக்கு அது. அச்சு வார்க்கக் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து அதே ஐம்பத்தைந்து கோடி வயசு ஜிர்கான் மணல் வந்து இறங்கிய சாக்கு. அதன் தையலில் ஒட்டியிருந்த மணலை வெள்ளிக்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பாயின் காலில் விழத்தான் இன்று ராயபுரத்துக்குப் பஸ் ஏறியிருந்தான்.

“பரவால்ல பாய், மன்னிச்சுட்டேன்,” என்றான் தீனா.