உப்பில் ஊறிய உடம்பு

“உப்புல ஊறின ஒடம்பு டாக்டரம்மா இது. ஊறுகாய் கெட்டுப் போவுமா?”

கொரோனா வராதவர்களின் ரத்தத்தை ஆராய்ச்சிக்காக எடுக்க மரக்காணம் உப்பளத்துக்கு வந்திருந்த டாக்டர் ஃபர்சானாவிடம் கையை நீட்டியபடி, அந்தோணிசாமி பெருமையடித்தார்.

“அந்த நேரத்துலயும் உப்பு ஏத்த வந்த வெளியூர் லாரிக்காரங்க கூடத்தான் டீ குடிச்சேன். ஊசிகூட போட்டுக்கல. ஒரு தும்மல் இல்ல.”

“வீட்ல யாருக்கும் வரலீங்களா?”

“எம் பொண்டாட்டி அதுலதான் போனா. மெட்ராஸ்லேர்ந்து மவ வந்து குடுத்துட்டுப் போனது. மாஸ்க் போட்டு வாசல்லயே நின்னுதான் பேசினா. வாசல்ல நின்னா மட்டும் காத்துல வராதா? அதோட, இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டேன்.”

அடுத்த மாதம் ஃபர்சானா மறுபடி வந்தார்.

“ஐயா, ஒரு தடவை பார்த்த கிருமிய மறக்காத டி செல்னு ரத்தத்துல இருக்குது. உங்களோடது கொரோனாவ நல்லா அடையாளம் கண்டுக்குது. உங்களுக்கும் வந்து போயிருக்குங்க. உங்களுக்கே தெரியல. பயப்பட ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கீங்க.”

அந்தோணிசாமி உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டார்.

“நமக்கே தெரியாம வந்தது... கூட இருக்கறவங்களுக்கு ஒட்டுமாம்மா?”

“ஒட்டும்.”

 அந்தோணிசாமி பக்கத்துப் பாத்தியில் நின்ற பங்காளி ஸ்டீபனைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, எம் மவ நம்பர் உங்கிட்ட இருக்குதா? நான் அழிச்சிட்டேன்.”