கடைசியாகப் போகிற குழந்தை

“இன்னைக்கும் அந்த டிரைவர் வரலை பாருங்க. நீங்க கேக்கலைன்னா நான் கேட்டுடுவேன்” என்றாள் மருந்துக்கடைக்காரி, மகனுக்குச் செருப்பை மாட்டியபடி.

“நானே கேட்டுக்கிறேன். நீங்க கிளம்புங்க” என்றாள் தலைவி.

தலைவி என்பது சும்மா பேருக்கு. அக்கம்பக்கத்துப் பெற்றோர் சேர்ந்து நடத்தும் மழலையர் விளையாட்டுக் குழு அது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முறை வருகிற அன்று பார்த்துத்தான் எல்லாருக்கும் தலைவலி வரும். கடைசியில் அத்தனையும் இவள் தலையில் விடியும்.

இடமும் இரவல். மதியம் அதே ஹாலில் தையல் வகுப்பு. அதற்குள் பாயைச் சுருட்டி, பொம்மைகளைக் கழுவிப் பெட்டியில் அடைத்து, சுவரில் கிறுக்கியதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். தினமும் இடுப்பு விட்டுப்போகும்.

எல்லாக் குழந்தைகளும் போன பிறகும் பஸ் டிரைவரின் மகள் மட்டும் இருப்பாள். சரியான வாயாடி. தலைவியின் மகனை மூலையில் உட்காரவைத்துக் கதை அளந்துகொண்டிருப்பாள். இவள் கடைசிப் பெட்டியை மூடுகிற நேரத்துக்குத்தான் டிரைவர் ஆடி அசைந்து வருவார்.

“டியூட்டி முடிய லேட்டாயிடுச்சுங்க.” தினமும் இதே பாட்டு.

நேரத்துக்கு வந்து கூட்டிப்போகாதவர்களின் குழந்தையைக் குழுவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லாரும் சேர்ந்து போட்ட விதி. மருந்துக்கடைக்காரியின் தங்கை தன் பிள்ளைக்கு இடம் கேட்டுக்கொண்டிருப்பது தனிக்கதை.

குப்பையைக் கொட்ட வெளியே வந்த தலைவி அப்படியே நின்றாள். எதிரே, பூட்டிய கடையின் படியில் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் டிரைவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பைக்கூடையோடு ரோட்டைக் கடந்தாள்.

“எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?”

அவர் பதறி எழுந்தார். “இப்பத்தாங்க...”

“பொய் சொல்லாதீங்க. மருந்துக்கடை அம்மா போனப்பவே இருந்தீங்களா இல்லையா?”

“இருந்தேங்க.”

“நீங்க இங்க காத்து வாங்குவீங்க, அதுவரைக்கும் உங்க பொண்ணை நான் பார்த்துக்கணுமா? நானும் மனுஷிதாங்க. எனக்கு முடியலை. திங்கக்கிழமையிலேர்ந்து அவளைக் கூட்டிட்டு வராதீங்க.”

டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்கம்மா. காலையில நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்ல ஆளில்லை. அவளுக்கும் இந்த இடம்னா உயிர்.”

“அப்ப நேரத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கென்ன?”

“முன்னெல்லாம் நேரத்துக்குத்தாங்க வந்தேன். ஒருநாள், இப்ப வரமாட்டேன்னு அவ அடம் பிடிச்சா. தான் போயிட்டா தம்பி தனியா உட்கார்ந்து அழுவான், நீ அப்புறமா வாப்பான்னு சொன்னா. அதான் இங்கயே உட்கார்ந்துடறது.”

“எந்தத் தம்பி?”

“உங்க பையன்தாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அவன் எதுக்கு அழறான்? நான்தான் அங்கேயே இருக்கேனே?”

டிரைவர் பேப்பரை மடித்தார். “உங்க மனசு கஷ்டப்படும்னுதான் டியூட்டின்னு பொய் சொன்னேன். இங்க உங்களை அம்மான்னு கூப்பிடக் கூடாது, ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களாமே?”

“ஆமா. மத்த பசங்க ஏங்கிடுவாங்களேன்னு சொன்னேன்.”

“ஒவ்வொருத்தரா கிளம்பினதும் வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பானாம். ‘அக்கா, எங்கம்மா மட்டும் ஏன் இன்னும் வரலை’ன்னு என் பொண்ணுகிட்ட கேப்பானாம்.”