கடலுக்கு இறங்கும் படி

"எங்க கடையில சிலிண்டருக்குக் காத்து அடிச்சவங்க மட்டுந்தான் இந்தப் படியில இறங்கலாம்" என்று டைவிங் கடைக்காரர் வழிமறித்தார்.

"கடல் என்ன உங்க வீட்டுக் கிணறா?" ஊரிலிருந்து கொண்டுவந்த சிலிண்டரோடு அவரைத் தள்ளிவிட்டு இறங்கினேன்.

"எப்படி வெளிய வர்றீங்கன்னு பாக்குறேன்!" என்று மேலிருந்து கத்தினார்.

கடலடியில் திரும்பிப் பார்த்தால், காலில் கட்டிய கத்தியோடு அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வேகமாக நீந்தினேன், அவரும் விடவில்லை. பயத்தில் மூச்சை இழுத்த இழுப்பில் என் சிலிண்டர் காலியானது.

கழுத்தைப் பிடித்தார். தொலைந்தேன் என்று கண்ணை மூடினேன். வாய்க்குள் அவருடைய காற்றுக்குழாய் நுழைந்தது.

அவர் காற்றிலேயே மேலே வந்து படியைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவத்தோட இறங்குறவங்களுக்குக் காத்து சீக்கிரம் தீர்ந்துடும். அதான் பின்னாலயே வந்தேன்." கை கொடுத்தார். "இப்ப உங்களுக்குள்ள இருக்கறது எங்க கடைக் காத்துதானே? தாராளமா ஏறுங்க!"