மூடிமேல் இஸ்திரிப் பெட்டி

கண்ணாடித் தொட்டிக்குள், விளக்குச் சூட்டில், மகள் வளர்த்த ஓணான் கண்மூடிக் கிடக்கிறது. வலைமூடிமேல் ஏறிய பூனை இடுக்கு வழியாகக் காலை உள்ளே விடப் பார்க்கிறது. மூடி நகராமலிருக்கத் தையல்காரர் ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்திருக்கிறார். பூனை அதைச் சட்டை செய்யவில்லை. "எறங்கு" என்கிறார். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அவ சொன்னாத்தானே கேக்கும்" என்கிறாள் மனைவி, சமையலறையில் பாத்திரம் கழுவியபடி. மகள் இறந்து இருபது நாள் ஆகிறது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளைப் போலவே குரலை இழுத்து, "ஏய் திருட்டுப் பயலே, எறங்குறியா இல்லியாடா?" என்கிறார். பூனை பொத்தென்று குதிக்கிறது. அவரிடம் வராமல் வாசலுக்கு ஓடி, காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. சமையலறையில் குழாய்ச் சத்தம் ஓய்கிறது. ஈரக்கையோடு வந்து நிற்கும் மனைவியும் அவரைப் பார்க்கவில்லை; வாசலைத்தான் பார்க்கிறாள்.