வெள்ளச்சி பறக்கப் பழகினாள்

கோழிப்பண்ணையிலிருந்து தப்பி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த வெள்ளைக்கோழி வெள்ளச்சிக்குப் பறக்கத் தெரியாது. அந்த வீட்டு நாட்டுக்கோழிகளோ பொழுது சாய்ந்ததும் முருங்கைமரத்தில் ஏறிக்கொள்ளும். தரையில் தங்கினால் கீரி விடாது. அதனால் தினமும் பறந்து பழகினாள். நடந்ததை, ஜன்னலில் கிடந்த செல்போனிடம் சொல்லிப் பதிந்துவைத்தாள்.

அன்றைக்கும் விழுந்து, அதையும் சொல்லி முடித்தபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"எல்லாக் குறிப்பையும் அழிச்சிடு! எதைத் திறந்தாலும் விழுந்தேன், விழுந்தேன்னுதானே இருக்கு. மானம் போகுது."

"அழிச்சா திரும்ப வராதும்மா. ஒரு தடவை படிச்சுக் காட்டிடுறேன்" என்றது செல்போன். "கவிழ்த்த வாளியிலிருந்து விழுந்தேன். துவைக்கிற கல்லிலிருந்து விழுந்தேன். காம்பவுண்டுச் சுவரிலிருந்து விழுந்தேன். ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தேன்."

வெள்ளச்சி தலையைச் சாய்த்து அந்த வாளியைப் பார்த்தாள். முதல் நாள் அது மலை மாதிரி இருந்ததே!

"இப்ப அழிச்சிடவா?"

"இரு, இரு. இன்னும் ஒண்ணு எழுதிக்கோ. முருங்கைமரத்திலிருந்து விழுந்தேன்."

"அது எப்போம்மா விழுந்தே?"

"இனிமேத்தான் விழணும். நீ எழுதி வை" என்று சிறகை உதறிக்கொண்டு மரத்தைப் பார்த்து ஓடினாள்.