சீதன வீட்டை விட்டுப் போன மருமகன்

நோயில் கிடந்த மகளை மருமகன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். உள்துறைமுக வீதியில் இரண்டு கிழமையாக இதுதான் கதை.

போன இடம் பாலையூற்றில் ஒரு அறையும் குசினியும் மட்டுமே உள்ள வாடகை வீடு. தகரக் கூரை. விட்டுவிட்டுப் போனதோ மாமியார் ஹுஸ்னியாவின் மாடி வீடு. மகள் றிஷானாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. எழுதிக் கொடுப்பது மட்டும் நாலு வருஷமாகப் பாக்கி.

"நல்லா இருந்த காலத்தில என்ட வீட்டில இருந்து திண்டவன். பிள்ளைக்கு வருத்தம் எண்டதும் தாயிட்ட இருந்து பிரிச்சுப்போட்டான்."

வருகிறவர்களிடமெல்லாம் ஹுஸ்னியா இதைச் சொல்லி அழுதாள்.

றிஷானாவுக்கு இருபத்தாறு வயது. ஆறு மாதமாக வயிற்றுவலி, வயிற்றால் போவது, அதில் இரத்தம். உடம்பு பாதியாகிவிட்டது. கடைசியில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்து, குரோன்ஸ் நோய் என்றார்கள். குடல் புண்ணாகி வீங்குகிற வருத்தம். முற்றாக மாறாது, மருந்தில் அடங்கும், அதுவரை பிள்ளையை நிம்மதியாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

ஹுஸ்னியா பார்த்துக்கொண்ட அழகை வீதியே அறியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மூன்று வட்ஸ்அப் குழுக்களில் அழுது குரல் பதிவு போட்டாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்ன நோயின் பெயர் பாதிப் பேருக்குக் கொரோனா என்று கேட்டது. அவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு சுகம் விசாரிக்க வந்தார்கள். மற்றவர்கள் போடாமல் வந்தார்கள். வராமல் இருந்தவர் எவருமில்லை.

வந்தவர்களுக்குப் பால் தேத்தண்ணியும் றோல்ஸும். மகளுக்குக் கிண்ணியாவில் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த கசாயம், கந்தளாயில் ஒருவர் கிண்டிக் கொடுத்த லேகியம். டொக்டரின் மருந்து சூடு என்று யாரோ சொன்னதால் அதில் ஒரு வேளையைக் குறைத்தும் விட்டாள். மெலிந்து கிடந்த மகளைப் படமெடுத்து அனுப்பினாள். நூற்றுநாற்பது பேர் ஆமீன் போட்டார்கள்.

இப்படிப்பட்ட தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தவனை யார்தான் விடுவார்கள்? மருமகன் அப்ராஸுக்கு இறங்குதுறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடையில் வேலை. அங்கே தேடிப்போய் ஏசிவிட்டு வந்தவர்களும் உண்டு. அவன் குனிந்த தலை நிமிராமல் பில் எழுதிக்கொண்டிருந்தானாம். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன செய்யும் என்று வந்து சொன்னார்கள்.

கடைசியில் ஹுஸ்னியா மூதூரிலிருந்து தன் மூத்த சகோதரன் பக்கீர் நானாவை வரவழைத்தாள். மருமகனிடம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். மகளைக் கையோடு கூட்டி வர வேண்டும். பக்கீர் கேள்விகளைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்துக்கொண்டார்.

பாலையூற்றில் அப்ராஸ் வேலைக்குப் போயிருந்தான். றிஷானாதான் கதவைத் திறந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டாள்.

மாடி வீடு இருக்க, நோயாளியைத் தகரத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறானே, இது என்ன நியாயம் என்று பக்கீர் அவளிடமே கேட்டார்.

"அவர் கொண்டு வரல்ல மாமா. நான்தான் கூட்டிக்கொண்டு போங்க எண்டு கேட்டனான்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். வீட்டில் ஆறு பேர். கீழே, முற்றத்தில் ஒரு கழிப்பறை. அவளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டிவரும், வந்தால் ஒரு நிமிஷம் அடக்க ஏலாது. ஒருநாள் ஓடிப்போனபோது, அவளைச் சுகம் விசாரிக்க வந்த மனுசி ஒருத்தி உள்ளே இருந்தாள். இன்னும் இரண்டு பேர் வெளியே முறைக்கு நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே, நின்ற நிலையில், உடுத்திருந்த உடுப்போடு...

மாடியில் ஒரு பாத்ரூம் கட்டினார்களே என்றார் பக்கீர்.

"அது பூட்டிக் கிடக்கு. மூணு தரம் சாவி கேட்டனான். கத்தார்ல இருந்து நானா குடும்பத்தோட வரக்குள்ள புதுசா இருக்கோணுமாம். டைல்ஸில கறை பட்டாப் போகாது மகள் எண்டு உம்மா சொல்லிட்டாங்க."

இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"உம்மாக்கு அவமானம்தானே மாமா. வாயே திறக்கக் கூடாது எண்டு இவரிட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருக்கிறன். அந்தச் சாவியத் தந்தாங்க எண்டா நாளைக்கே வந்திருவன்."

பக்கீர் திரும்பி வந்தபோது ஹுஸ்னியாவைச் சுற்றி அஞ்சாறு பெண்கள் இருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எல்லோரும் எழும்பிப் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு நல்ல செய்தியைச் சொன்னார். மகள் நாளைக்கே வரச் சம்மதம், மாடிப் பாத்ரூம் சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்தால் போதும்.

ஹுஸ்னியாவின் அழுகை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் மாடிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படுத்த வேணாம் நானா," என்றாள். "மருமகன் தங்கமான பிள்ளை. அவர் வடிவாப் பாத்துக்கொள்ளுவார்."